செயின்சா வேகமாக அறுக்க வேண்டுமா? பல்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கையில் இருப்பது 50 சிசி செயின்சா, 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின். விறகு அறுக்கவும் விழுந்த மரங்களைத் துண்டு போடவும் பயன்படுகிறது. பருத்த கட்டை வந்தால் திணறுகிறது. சைலன்சரில் ஓட்டை போட்டால், 8 பல் ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்) மாட்டினால், டெப்த் கேஜை (ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள மேடு) அரத்தால் இறக்கினால் வேகம் கூடும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சைலன்சரில் தொடங்கினால் வேகம் கூடுகிறதோ இல்லையோ, பிஸ்டன் போவதற்கு வழி திறந்துவிடும். நான் பல வருடங்களாக இந்த மெஷின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். "பவர் பத்தலை" என்று வருகிறவற்றில் பாதிக்கு மேல் இன்ஜின் நன்றாகவே இருக்கும், செயின்தான் வெட்டாது. அதனால் முதலில் செயின், அடுத்து பார், பிறகு ஸ்ப்ராக்கெட், அதற்கப்புறம் சைலன்சரும் கார்புரேட்டரும் என்று போவோம். சிலிண்டருக்குள் அரம் போடுவது கடைசிப் பேச்சு.

எதையும் தொடுவதற்கு முன் இப்போதைய வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். முடிச்சில்லாத, உருண்டையான ஒரு கட்டையை அசையாமல் கிடத்தி, பக்கத்தில் பக்கத்தில் மூன்று வில்லைகள் அறுங்கள். மெஷினை அமுக்காதீர்கள், அதன் எடையிலேயே இறங்கட்டும். மூன்று நேரங்களின் சராசரிதான் உங்கள் அடிப்படை. அதே கட்டையில் மிச்சத்தை அடுத்த சோதனைக்கு எடுத்து வையுங்கள், வேறு மரத்தில் சோதித்தால் ஒப்பிட முடியாது. சத்தம் கூடினால் வேகம் கூடிவிட்டதாகத்தான் காது சொல்லும். ஸ்டாப்வாட்ச்சை நம்புங்கள். கீழே விழுந்திருப்பதையும் ஒரு கை அள்ளிப் பாருங்கள். கனமான சீவல்களாக இருந்தால் பல் வெட்டுகிறது. மாவு போல நைந்த தூளாக இருந்தால் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறது, அந்த நிலையில் இன்ஜினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது பல்லுக்கு வருவோம். இன்று நாம் பயன்படுத்தும் செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், 1946-இல் மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு ஒன்றைக் கவனித்தார். நார் எந்தத் திசையில் ஓடினாலும் கவலைப்படாமல், வளைந்த இரண்டு தாடைகளால் இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டே அது முன்னேறியது. அதைப் பார்த்துத்தான் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும், சீவி எடுக்கும் செயினை அவர் செய்து, அடுத்த வருடம் தொழிலும் தொடங்கினார். அதற்கு முன்பிருந்த செயின்கள் சாதாரண ரம்பம் போல மரத்தைக் கீறிக்கொண்டிருந்தன.

அந்தப் பல்லில் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது ஒரு மூலைதான். மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் முன் மூலை. அது நாரைக் குறுக்கே அறுக்கிறது, பின்னாலேயே மேல்தகட்டின் விளிம்பு உளி போல அதைப் பெயர்த்து எடுக்கிறது. மூலை மழுங்கிவிட்டால் உளி எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, செயினை நல்ல வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, அது தெரியவே தெரியாது. மழுங்கிய மூலையில் மட்டும் வெள்ளியாக ஒரு சின்னக் கோடோ புள்ளியோ மின்னும். அந்த மினுமினுப்பு முழுதாக மறையும் வரை அரம் போட வேண்டும். பத்து பல்லில் மறைந்து இரண்டில் மிச்சமிருந்தால் சாணை பிடித்து முடிக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் 0.325 செயினுக்குப் பெரும்பாலும் 4.8 மி.மீ. வட்ட அரம். 3/8 அங்குல சின்ன வகைச் செயினுக்கு 4 மி.மீ., பெரிய 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. இருந்தாலும் செயின் பெட்டியில் போட்டிருக்கும் அளவே முடிவானது. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே அழுத்தினால் விளிம்பு கொக்கி போல வளைந்து, முதல் சில வெட்டுக்குப் பிய்த்துக்கொண்டு போகும், உடனே மழுங்கும். மேலே தூக்கினால் விளிம்பு சரிந்து நின்று, மரத்தில் ஏறாமல் வழுக்கும். அரம் பிடிக்கும் கைடு ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த உயரத்தை அது பார்த்துக்கொள்ளும். பல்லின் உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தள்ளுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். கோணம் பெரும்பாலான செயினுக்கு 25 அல்லது 30 டிகிரி, மேல்தகட்டிலேயே கோடு பொறித்திருப்பார்கள்.

ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போகும்போது நம் கை மாறுகிறது, பலம் மாறுகிறது. வலதுகைக்காரர்களிடம் ஒரு பக்கப் பற்கள் எப்போதும் கொஞ்சம் குட்டையாகிவிடும். விளைவு, வெட்டு நேராக இறங்காமல் பிறை போல ஒரு பக்கம் வளையும். வளைந்த வெட்டுக்குள் பார் இறுகும், இறுகினால் வேகம் போகும். ஒரு கேலிப்பர் எடுத்து எல்லாவற்றையும் விடக் குட்டையான பல்லைக் கண்டுபிடித்து, மற்றவற்றை அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். 72 டிரைவ் லிங்க் (பாரின் இடுக்கில் ஓடும் கண்ணி) உள்ள சாதாரணச் செயினில் 36 பல். பொறுமையாகச் செய்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். வேகத்துக்காகச் செலவிடும் நேரத்தில் இதைவிடப் பலன் தருவது வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்தது டெப்த் கேஜ், நீங்கள் கேட்ட மூன்றில் ஒன்று. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சுறாவின் துடுப்பு போல ஒரு மேடு இருக்கிறதே, அதுதான். பல்லின் விளிம்பைவிட அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவு ஆழம்தான் பல் கடிக்க முடியும். பெரும்பாலான செயினுக்கு இந்த வித்தியாசம் 0.65 மி.மீ., அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபத்தைந்து. பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை அரம் போடும்போதும் விளிம்பு பின்னால் போகிறது, கூடவே கொஞ்சம் கீழேயும் இறங்குகிறது. மேடு மட்டும் அதே உயரத்தில் நிற்கிறது. நான்கைந்து முறை சாணை பிடித்தாலே வித்தியாசம் குறைந்துவிடும், கவனிக்காமல் விட்டால் போகப்போகக் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். பல் கூராக இருக்கும், விரலை வெட்டும், ஆனால் மரத்தை வெட்டாது. "நல்லாத்தான் தீட்டியிருக்கேன், ஏனோ ஓடலை" என்று கொண்டுவருகிறவர்களின் செயினில் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

ஒருமுறை அப்படி வந்த செயினை அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மேட்டின் உயரத்தை அளக்கும் கேஜ் தகட்டின் இடுக்கில் மேடு எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால்தான் அளவு சரி. இதில் எல்லா மேடும் நகம் தட்டும் அளவுக்கு வெளியே நின்றன. தட்டை அரத்தால் மேட்டுக்கு மூன்று நான்கு இழுப்பு, அப்புறம் முன் மூலையை மறுபடி உருட்டிவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. அதே கட்டையில் முதலில் ஆன நேரத்தில் பாதிக்குச் சற்று அதிகமான நேரத்தில் வெட்டி முடித்தது. கொண்டுவந்தவர் நான் கார்புரேட்டரைத் திருப்பியிருப்பேன் என்றே நினைத்தார்.

ஆகவே டெப்த் கேஜை இறக்கச் சொன்னவர்கள் சொன்னது சரி, ஆனால் குறிப்பிட்ட அளவுக்குத்தான். 0.65-ஐத் தாண்டி 0.75 வரை இறக்குவது மென்மரத்துக்கும் பலமான இன்ஜினுக்கும் ஒத்துவரும். அதற்கு மேல் இறக்கினால் ஒவ்வொரு பல்லும் தன்னால் தூக்க முடியாத அளவுக்குக் கடிக்கும். மெஷின் குதிக்கும், கை அதிரும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும், 50 சிசி இன்ஜின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) இழந்து நின்றுவிடும். வேகம் கூடாமல் குறைவதைக் கடிகாரமே காட்டும். இன்னொன்று, இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்: பாரின் முனை மேல்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும் உதறல் இருக்கிறதே, அதன் பலம் இந்த வித்தியாசத்தோடு சேர்ந்து கூடும். அளவுகோல் இல்லாமல் கண்ணால் பார்த்து இறக்கும் வேலை வேண்டவே வேண்டாம். காய்ந்த கடினமரத்துக்கு 0.65 போதும்.

செயின் வகையை மாற்றுவதும் ஒரு மாற்றம்தான், அதற்கு மெஷினைப் பிரிக்கவே வேண்டாம். மூலை சதுரமாக இருக்கும் ஃபுல் சிசல் செயின், மூலை உருண்ட செமி சிசலைவிடச் சுத்தமான மரத்தில் தெளிவாகவே வேகமாக அறுக்கும். ஆனால் மண் ஒட்டிய பட்டையில் ஒரு வெட்டிலேயே அந்தச் சதுர மூலை போய்விடும். தரையில் இழுத்து வந்த கட்டை, காய்ந்து இறுகிய விறகு என்றால் நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கும்போது செமி சிசல்தான் முந்தும். உங்கள் வேலை விழுந்த மரங்களில் என்பதால், இரண்டு செயின் வைத்துக்கொண்டு கட்டையைப் பார்த்து மாட்டச் சொல்வேன். உதறலைக் குறைக்கப் பல்லுக்கு முன்னால் கூடுதல் மேடு வைத்த பாதுகாப்புச் செயின்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். அனுபவம் குறைவு என்றால் அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறுகிய வெட்டு போடும் செயினும் பாரும் 0.325 அளவில் கிடைக்கின்றன. மரத்திலிருந்து எடுக்க வேண்டிய தூளின் அளவே குறைந்துவிடுவதால், அதே இன்ஜின் பலத்துக்கு வெட்டு சீக்கிரம் இறங்கும். 50 சிசி மெஷினுக்கு இது மிகவும் பொருத்தமான மாற்றம். பாரின் இடுக்கு அளவும் செயினின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

பார் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அதைக் கழற்றி, இரு ஓரங்களிலும் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் தட்டை அரத்தால் எடுத்துவிடுங்கள். ஒரு ஓரம் உயர்ந்து இன்னொன்று தாழ்ந்திருந்தால் செயின் சாய்ந்து ஓடும், எவ்வளவு நன்றாகச் சாணை பிடித்தாலும் வெட்டு வளையும். இடுக்கில் இறுகிப்போன தூளைக் கம்பியால் சுரண்டி, எண்ணெய்த் துளையைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாரை மேல்கீழாகத் திருப்பி மாட்டினால் இரு பக்கமும் சமமாகத் தேயும். உங்கள் கட்டைகள் பெரும்பாலும் ஒன்றேகால் அடிக்குள்தான் என்றால் 18 அங்குலத்துக்குப் பதில் 16 அங்குல பார் போட்டுப் பாருங்கள். இழுக்க வேண்டிய செயின் குறைகிறது, உராய்வு குறைகிறது, அதே எண்ணெய் பம்பு இன்னும் நன்றாக நனைக்கிறது. சாணை பிடிக்க வேண்டிய பற்களும் குறைவு.

சரி, ஸ்ப்ராக்கெட். இதில் கணக்கு போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 0.325 செயினில் ஒரு டிரைவ் லிங்கிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம் பிட்சின் இரு மடங்கு, 0.65 அங்குலம். 7 பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்றினால் செயின் 4.55 அங்குலம், அதாவது சுமார் 116 மி.மீ. நகர்கிறது. வெட்டும்போது இன்ஜின் 9,000 ஆர்பிஎம்-இல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், செயின் வேகம் நொடிக்கு 17.3 மீட்டர். 8 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 5.2 அங்குலம். அதே 9,000-இல் நொடிக்கு 19.8 மீட்டர். பதினான்கு சதவீதம் கூடுதல், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செயினை இழுக்கும் விசை எட்டில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சைக்கிளில் கியரைக் கனமாக்கிவிட்டு மேட்டில் ஏறுவது போலத்தான். கட்டையில் பாரம் ஏறியதும் இன்ஜின் 7,875 ஆர்பிஎம்-க்கு இறங்கினால், செயின் வேகம் பழைய 7 பல்லில் இருந்ததற்கே வந்துவிடும். அதற்கும் கீழே போனால் காசு கொடுத்து மெதுவாக்கியதாகும்.

பருத்த கட்டையில் திணறுகிறது என்பதுதான் உங்கள் குறை. அப்படியிருக்க 8 பல் உங்களுக்கு எதிர்த்திசை. கிளை கழிப்பவர்களுக்கும், சிறிய கட்டைகளையே அறுப்பவர்களுக்கும், இன்ஜினில் பலம் மிச்சமிருப்பவர்களுக்கும் அது உதவும். 7 பல்லிலேயே இருங்கள், ஆனால் அது தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல்லில் செயின் பதிந்த தடம் அரை மி.மீ. ஆழத்துக்கு மேல் போயிருந்தால் மாற்ற வேண்டும். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது பொதுவான கணக்கு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினையும் சேர்த்துக் கெடுக்கும்.

இவ்வளவும் செய்து, மறுபடி ஸ்டாப்வாட்ச்சில் பார்த்து, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் இன்ஜினுக்கு வருவோம். அதிலும் முதலில் மெஷினைப் புதிதாக வந்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். சைலன்சரில் இருக்கும் தீப்பொறி வலையை எடுத்துப் பாருங்கள், கரி பிடித்துப் பாதி அடைந்திருப்பது சர்வசாதாரணம், அதைத் தேய்த்துக் கழுவினாலே சில மெஷின்கள் விழித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை ஊற்றாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர் பழசானால் மாற்றுங்கள். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்க வசதி இருந்தால் பாருங்கள். நல்ல இன்ஜினில் 150 பிஎஸ்ஐ சுற்றி இருக்கும், 110-க்குக் கீழே என்றால் வேகமாக்கும் பேச்சை விட்டுவிட்டு பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்கத் தயங்கினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. அதைச் சரி செய்யாமல் சைலன்சரைத் திறப்பது பிஸ்டனைத் தெரிந்தே எரிப்பது.

கம்பெனியிலிருந்து வரும் சைலன்சர் மூன்று காரணங்களுக்காக மூச்சடைத்து வைக்கப்பட்டிருக்கிறது: சத்தம், புகை, தீப்பொறி. 2 ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த புகை வெளியேறுவதும் புதுக் கலவை உள்ளே வருவதும் ஒரே நேரத்தில் நடப்பதால், வெளிவாசல் குறுகினால் உள்ளே வருவதும் குறைகிறது. சைலன்சரின் வெளிவாசலைக் கொஞ்சம் அகட்டினால் இன்ஜின் நடுத்தர ஆர்பிஎம்-இல் பாரத்தைத் தாங்கி இழுப்பது கைக்கே தெரியும். உங்கள் திணறலுக்கு இதில் உண்மையான மருந்து இருக்கிறது.

எவ்வளவு அகட்டலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாசலை அளந்து பரப்பைக் கணக்கிடுங்கள். சைலன்சரின் வெளித்துளைகள் எல்லாம் சேர்ந்து அதில் 70 முதல் 80 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். உதாரணமாக வாசல் 300 சதுர மி.மீ., இப்போதைய துளை 11 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 95. கூடவே 12 மி.மீ. துளை ஒன்று போட்டால் 113 சேர்ந்து 208 ஆகிறது, கிட்டத்தட்ட 70 சதவீதம். அங்கேயே நிறுத்துங்கள். முழுதாகத் திறந்துவிடுவதால் பலம் கூடிக்கொண்டே போவதில்லை. ஓரளவுக்கு மேல் புதுக் கலவையும் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும், சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

துளை போடும்போது சைலன்சர் மெஷினில் இருக்கக் கூடாது. ஒரு இரும்புத்தூள் எக்ஸாஸ்ட் வாசல் வழியாக உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரில் கோடு விழும். துளை போட்டபின் பிசிறு எடுத்து, கழுவி, காற்றடித்து, உள்ளே எதுவும் குலுங்கவில்லை என்று காதருகே ஆட்டிப் பார்த்து மாட்டுங்கள். புதுத் துளை பிளாஸ்டிக் மூடியையோ, பெட்ரோல் டேங்கையோ, உங்கள் கையையோ பார்த்து ஊதக் கூடாது. புதுத் துளைக்கும் தீப்பொறி வலை வேண்டும். காய்ந்த புல்லில் விழும் ஒரு கரித்துண்டு போதும், காடு பற்றிக்கொள்ள. அதனால்தான் சில நாடுகளின் காடுகளில் வலை இல்லாத மெஷினை ஓட்டுவதே குற்றம். புகை விதிகளின்படி சைலன்சரைத் திருத்துவதற்குத் தடை உள்ள இடங்களும் உண்டு, வாரன்டியும் போய்விடும். உங்கள் இடத்தில் விதி என்ன என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். வினையூக்கி வைத்த சைலன்சர் என்றால் தொடவே வேண்டாம், அதன் வெப்பம் வேறு ரகம். சத்தம் ஏற்கெனவே 100 டெசிபலுக்கு மேல், இனி இன்னும் கூடும். காதுக்கவசம் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சைலன்சரைத் திறந்தவுடன் காற்று கூடுகிறது, பெட்ரோல் அதற்கேற்பக் கூடுவதில்லை. கலவை லீன் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் போதாததாகிவிடும். 2 ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது, ஆக சூடு கூடும் அதே நேரத்தில் எண்ணெய் குறைகிறது. கெடுதல் என்னவென்றால், லீனாக ஓடும் இன்ஜின் முதலில் அருமையாக ஓடும். ஆர்பிஎம் எகிறும், சத்தம் கூர்மையாகும், மெஷினுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். ஆரம்ப காலத்தில் நானும் அந்தச் சத்தத்தில் ஏமாந்தேன். துளையைப் போட்டு, கார்புரேட்டரை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு டேங்க் ஓட்டினேன். டேங்க் முடியும் தறுவாயில் வெட்டுக்கு நடுவே நின்றது, கயிற்றை இழுத்தால் வரவில்லை. பிரித்தபோது பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் முழுக்கச் செங்குத்தாகக் கீறல்கள், ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் துளை போட்ட மெஷினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கார்புரேட்டரில் எச் என்று போட்டிருக்கும் திருகை (முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பது) இடப்பக்கமாகக் கால் சுற்று திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் சூடாகட்டும். பிறகு மரத்தில் வைக்காமல், சில நொடிகள் மட்டும் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கேளுங்கள். சத்தம் சீராக, கம்பி இழுத்த மாதிரி இருந்தால் லீன், இன்னும் திறக்க வேண்டும். தடதடவென்று உடைந்து, கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தால் பெட்ரோல் தாராளமாக இருக்கிறது. அந்தக் கொப்பளிப்போடு கட்டையில் வையுங்கள். பல் கடித்ததும் கொப்பளிப்பு மறைந்து சத்தம் சுத்தமாகி, மெஷினைத் தூக்கியதும் மறுபடி கொப்பளித்தால் அதுதான் சரியான இடம். வெட்டுக்குள்ளும் கொப்பளித்தால் சற்றே மூடுங்கள், ஒரு நேரத்தில் கடிகார முள்ளின் ஐந்து நிமிட அளவுக்கு மேல் திருப்பாதீர்கள். டாக்கோமீட்டர் (ஆர்பிஎம் அளக்கும் கருவி) இருந்தால் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம்-க்கு 300, 400 கீழேயே நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில மெஷின்களில் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் தானாகவே ஆர்பிஎம்-ஐக் கட்டுப்படுத்தும். உச்சத்தைத் தொட்டதும் தீப்பொறியை விட்டுவிட்டுக் கொடுக்கும், அந்தச் சத்தமும் கொப்பளிப்பு மாதிரியே கேட்கும். லீனாக இருப்பதை ரிச் (பெட்ரோல் தாராளம்) என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான். அப்படிப்பட்ட மெஷினில் முதலில் நன்றாகத் திறந்து ஆர்பிஎம்-ஐக் கீழே கொண்டுவந்து, அங்கிருந்து மெல்ல மூடிக்கொண்டு வாருங்கள். எலக்ட்ரானிக் கார்புரேட்டர் உள்ள புது மெஷின்களில் திருகே இருக்காது, கலவையை அதுவே சரி செய்யும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு, துளையைச் சின்னதாக வையுங்கள். பெட்ரோலில் எண்ணெயைக் கூடுதலாகக் கலந்து பாதுகாத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணெய் கூடினால் அதே துளை வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், கலவை இன்னும் லீன்தான் ஆகும். கையேடு 50-க்கு 1 என்றால் 50-க்கு 1.

போர்ட்டிங், அதாவது சிலிண்டர் வாசல்களை அகட்டுவது, இதற்கு அடுத்த படி. நன்றாகச் செய்தால் பெரிய மாற்றம் தெரியும், தெரியாமல் செய்தால் சிலிண்டர் குப்பை. வாசலை அகலமாக்கினால் ரிங்கின் முனை அதில் மாட்டி உடையும். உயரமாக்கினால் மேல் ஆர்பிஎம்-இல் பலம் கூடி, நீங்கள் தேடும் இழுவை குறையும். அடி கேஸ்கெட்டை எடுத்துவிட்டுக் கம்ப்ரெஷனைக் கூட்டுபவர்கள், பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் கூரைக்கும் இடையே அரை மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஈயக்கம்பியை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார்கள். டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற மரம் வெட்டும் போட்டிகளில் ஹாட் சா என்று ஒரு பிரிவு உண்டு. முழுக்க மாற்றிக் கட்டிய அந்த மெஷின்கள் சில நொடிகளில் மூன்று வில்லைகளை அறுத்துத் தள்ளும். அவை சில நொடிகள் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை. நாள் முழுக்க விறகறுக்கும் மெஷினுக்கு அது முன்மாதிரியாகாது. அதே போட்டியில் ஸ்டாக் சா என்ற பிரிவும் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மெஷின், எந்த மாற்றமும் கிடையாது, கையை வைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

செயின் பிரேக், அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, ஆக்சிலரேட்டர் பூட்டு, அதிர்வு தாங்கும் ரப்பர்கள் இவற்றில் எதையும் எடைக்காகவோ வேகத்துக்காகவோ கழற்றாதீர்கள். வேகமான செயின் எகிறும்போது நம் கை எதிர்வினை காட்ட நேரமே இருக்காது, பிரேக் மட்டும்தான் அங்கே வேலை செய்யும். இன்ஜினை வேகமாக்கிய பிறகு ஐடிலில் செயின் சுற்றாமல் நிற்கிறதா, பிரேக்கைத் தட்டினால் உடனே பிடிக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

உங்கள் மெஷினுக்கு நான் செய்வது இப்படித்தான் இருக்கும். இந்த வாரம் சாணையும் டெப்த் கேஜும் பார் சுத்தமும் முடித்து மூன்று வில்லை அறுத்து நேரம் பார்ப்பேன். செயின் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் குறுகிய வெட்டுச் செயினும் 16 அங்குல பாரும் மாட்டுவேன். ஸ்ப்ராக்கெட் 7-தான். அப்புறமும் பருத்த கட்டையில் திணறினால் சைலன்சரில் ஒரே ஒரு துளை, வலையோடு. அந்தக் கட்டத்துக்கு வந்தால், கார்புரேட்டரில் எச், எல் (குறைந்த வேகத்துக்கானது) திருகுகள் வெளியே தெரிகின்றனவா, அவற்றின் மேல் பிளாஸ்டிக் தொப்பி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். தொப்பி இருந்தால் கால் சுற்றுகூடத் திரும்பாமல் போகலாம். அதை எப்படிக் கையாள்வது என்பது மாடலுக்கு மாடல் மாறும், துளை போடுவதற்கு முன்பே அதைப் பேசிவிடலாம்.